ஆளே இல்லாத பதிவு

என் லேப்டாப்பில் ஒரு மணி நேரமும் இரண்டு நிமிடமும் ஓடுகிற ஒரு ரெக்கார்டிங் இருக்கிறது. நான் போட்ட மிக்ஸ்களிலேயே அதுதான் சிறந்தது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். முப்பத்தாறாவது நிமிடத்தில் உருமி உள்ளே வருகிற இடத்தைப் பாராட்டி, முன்பின் தெரியாதவர்கள்கூட எழுதுகிறார்கள். நான் அந்த இடத்தைக் கேட்டு நாளாகிறது. யாராவது என் எதிரில் போட்டால் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்துவிடுவேன். அவமானத்தைப் பாராட்டாக வாங்கி வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பகலில் எனக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை. முகூர்த்த நாட்களில் டிஜே. பாட்டைப் போடுவதற்கு எதற்கு ஒரு ஆள், சுவிட்சைப் போட்டால் பாடாதா என்று என் அப்பா இன்றைக்கும் கேட்கிறார். அவருக்குப் புரியவைப்பதை நான் விட்டு வருஷமாகிறது. ஒரு பாட்டு முடியும் முன்னே அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்டு, இரண்டின் தாளத்தையும் ஒன்றாக்கி, ஆடுகிறவன் கால் தடுமாறாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்திவிட வேண்டும். அது கைவேலை. ஆனால் விசேஷம் முடிந்ததும் காற்றோடு போய்விடும். அதனால்தான் ரெக்கார்டிங் பைத்தியம் பிடித்தது.

முதலில் செல்போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பதிந்தேன். வீட்டில் வந்து கேட்டால் பாட்டைவிட ஜனங்கள்தான் அதிகம். விசில், குழந்தை அழுகை, நல்ல இடமாகப் பார்த்து ஒரு குரல்: "ஏ, சாம்பார் இங்கன வரட்டும்!" அதன்பிறகு ஒரு சவுண்ட் கார்டு வாங்கினேன். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. மிக்சரின் பின்பக்கத்திலிருந்து வெள்ளை, சிவப்பு ஒயர் இரண்டும் அதற்குள் போகும். அதிலிருந்து ஒரு யூஎஸ்பி ஒயர் லேப்டாப்புக்கு வரும். மிக்சரிலிருந்து வெளியே போகிற பாட்டு மட்டும் பதியும். மண்டபத்துச் சத்தம் ஒரு பொட்டுக்கூட ஏறாது. முதல்முறை அப்படிப் பதிந்ததைக் கேட்டபோது, அப்பாடா, ஆளே இல்லை என்று சந்தோஷப்பட்டேன். அதே வார்த்தையைத்தான் பின்னால் வேறொரு வாயிலிருந்து நான் கேட்க வேண்டிவந்தது.

சென்னையில் பெரிய நிகழ்ச்சிகள் நடத்தும் ஒரு கம்பெனி என்னிடம் ஒரு மாதிரி கேட்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டியதாக இருக்கக் கூடாது. கூட்டத்துக்கு முன்னால் வாசித்ததாக, ஒரு மணி நேரம் இடையில் நிற்காமல் இருக்க வேண்டும். நான்கு விசேஷங்களில் முயன்றேன். ஒன்றில் கரண்ட் போனது. ஒன்றில் யாரோ ஒயரில் கால் தட்டினார். இன்னொன்றில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தவே மறந்தேன். நான்காவதில் மாப்பிள்ளையின் மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு மொய் எழுதாதவர்களை வரிசையாக அழைத்தார். மைக்கும் அதே மிக்சர் வழியாகத்தான் போகிறது என்பதால் அவர் குரல் முழுவதும் என் மிக்ஸில் உட்கார்ந்துவிட்டது. ஐந்தாவது விசேஷம் என் நண்பனின் கல்யாணம்.

பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சியில் வீடு. அப்பா இல்லை. அம்மா வயல் வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மருமவனே என்பார், பெண் எங்கே என்று கேட்டால் "பெத்துருந்தா உனக்குத்தான்" என்று சிரிப்பார். பெண் வீட்டார் பாளையங்கோட்டை. பெண்ணின் அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் முகூர்த்தம், பிறகு அதே மண்டபத்தின் மாடியில் ஒரு மணி நேரம் என் பாட்டு, கீழே பந்தி என்று ஏற்பாடு.

நான் மாடியில் ஒயர்களைத் தரையோடு டேப் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது அத்தை பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மருமவனே, ஒண்ணு சொல்லுதேன், செய்வியா? என்ன பாட்டு வேணும்னாலும் போடு. உருமி மட்டும் போட்டுராத."

எனக்குத் தெரியும். அவர்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அத்தைக்கு அருள் வரும். சாமி வந்து அவர் ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

"ரெண்டு வருசமா கொடைக்கே போவல. பொண்ணு பாக்க ஆரம்பிச்சதுலேர்ந்து நிப்பாட்டிட்டேன். அவுக படிச்ச குடும்பம். மாமியாக்காரி சாமியாடின்னா ஒரு மாதிரி நெனைப்பாவ. இன்னைக்கு ஒரு நாளு எனக்கு எதுவும் வந்துரக் கூடாது. உருமி கேட்டா என்னால தாங்க முடியாது, கேட்டியா."

"போட மாட்டேன் அத்தை."

"கையடிச்சுச் சொல்லு."

கையடித்துச் சொன்னேன். அவர் கை சொரசொரவென்று இருந்தது; மஞ்சளும் சந்தனமும் மணத்துக்கொண்டிருந்தது.

ஆரம்பித்தபோது எல்லாம் நன்றாகத்தான் போனது. லேப்டாப்பில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு பச்சையைத் தாண்டி மஞ்சளில் ஆடியது; சிவப்பைத் தொடவில்லை. சிவப்பைத் தொட்டால் பதிவில் சத்தம் கிழிந்து கரகரக்கும். கரண்ட் போகவில்லை. ஒயரில் யார் காலும் தட்டவில்லை. இருபது நிமிடம், முப்பது நிமிடம். அப்போது கீழேயிருந்து பந்திக்குக் கூப்பிட்டார்கள். நம் ஊரில் இலை போட்டாச்சு என்ற சொல்லுக்கு முன்னால் எந்த டிஜே நிற்க முடியும்? ஆடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் படியில் இறங்கினார்கள். மீதிப் பேர் சுவரோரம் சாய்ந்து போனைப் பார்த்தார்கள். கூட்டம் தொய்ந்தால் என் கையும் தொய்யும். அது பதிவிலும் கேட்கும்.

என்னிடம் ஓர் உருமி இருந்தது. போன வருஷம் ஒரு கொடையில் மேளக்காரர்களுக்கு முன்னால் மைக்கை வைத்து, இதே சவுண்ட் கார்டு வழியாக நானே பதிந்தது. அதிலிருந்து நாலு சுற்றை வெட்டி, முடியாமல் திரும்பத் திரும்ப வரும்படி லூப்பாகச் செய்து வைத்திருந்தேன். அதைப் போட்டால் கூட்டம் எழும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அத்தை கீழே சம்பந்திகளுக்குப் பரிமாறிக்கொண்டிருப்பார், அவருக்கு எங்கே கேட்கப்போகிறது, ஒரு நிமிடம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டனைத் தட்டினேன்.

கூட்டம் எழுந்தது. சுவரை விட்டு வந்தார்கள். நான் அடியில் கனமான தாளம் ஒன்றைச் சேர்த்துச் சத்தத்தைக் கூட்டினேன். அந்தச் சத்தம் ஸ்பீக்கர் வழியாகத் தரையில் இறங்கி, படி வழியாகக் கீழே போயிருக்கிறது.

அத்தை படியேறி வந்தார். யாரோ அவரையும் வற்புறுத்திப் பந்தியில் உட்கார வைத்திருக்க வேண்டும். வலது கையில் சோறும் சாம்பாரும் ஒட்டியிருந்தது. கண் யாரையும் பார்க்கவில்லை. கூட்டம் விலகி வட்டமானது. கொண்டை அவிழ்ந்து, அந்தக் கையோடு, அந்தப் பட்டுச்சேலையோடு ஆடினார். பெண் வீட்டுப் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சிலர் சிரித்தார்கள். புதுப்பெண் நடுவில் நின்றிருந்தாள். அத்தை போய் அவள் கையைப் பிடித்தார். பட்டின் மேல் சாம்பார் வழிந்தது.

கொடையில் இப்படி நடந்தால் உருமி அடிக்கிறவரின் கண் சாமியாடியின் முகத்தை விட்டு நகராது. மூச்சு வாங்குகிறதா, கால் துவள்கிறதா என்று பார்த்துப் பார்த்து, அடியைப் பைய இறக்கிக் கொண்டுவருவார். பட்டென்று பாதியில் வெட்ட மாட்டார்; வெட்டினால் ஆடுகிற உடம்பு தாங்காது என்பார்கள். ஆனால் இறக்குவார். என் லூப்புக்குக் கண் கிடையாது. நாலு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, அதே வேகத்தில். கண் இருந்தவன் நான்தான். நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? மஞ்சள் கோட்டைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிடம் ஓடியிருந்தது. இப்போது நின்றால் மறுபடி எப்போது?

நண்பனின் பெரியப்பா, சாமியாட்டத்து முறைகள் தெரிந்தவர். திருநீற்றோடு ஓடி வந்தார். மேசையில் இருந்த மைக்கை எடுத்து அத்தையின் வாயருகே பிடித்து, வந்திருப்பது யார், என்ன வேண்டும் என்று கேட்டார். அதுதான் முறை, சாமி வாக்குச் சொல்லும், எல்லோரும் கேட்க வேண்டும். அத்தையின் உதடு அசைந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. அந்த நேரம் என் விரல் போய், மிக்சரில் மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரைக் கீழே இழுத்துவிட்டது. யோசிக்கவே இல்லை. நான்காவது விசேஷத்து மாமா என் மிக்ஸில் உட்கார்ந்தது போல இதுவும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக. பெரியப்பா மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அத்தை பேசிக்கொண்டே இருந்தார். என் காதில் ஹெட்போன்.

நண்பன் ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஏலே, நிப்பாட்டுலே! அம்மாவப் பாருலே!"

"சாமி ஆடும்போது மேளத்தப் பாதியில வெட்டக் கூடாதுலே" என்றேன்.

அவன் கையை எடுத்துவிட்டான். சின்ன வயதிலிருந்து அவன் அம்மா வாயால் கேட்ட விதி. அதை அவனிடமே திருப்பிக் காட்டினேன். பிறகு அத்தையின் கால் மடங்கி அவர் தரையில் சரிந்தார். நான் அடுத்த பாட்டை அழகாக உள்ளே கொண்டுவந்து உருமியை வெளியே எடுத்தேன். பதிவில் பார்த்தால் உருமி ஆறு நிமிடமும் நாற்பது நொடியும் ஓடியிருக்கிறது. மாற்றிய இடம் தெரியவே தெரியாது.

ஒரு மணி நேரம் முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அத்தை நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தார். சேலை மாற்றியிருந்தார். முழங்காலைப் பிடித்தபடி நடந்தார்.

"போட்டுட்டியே மருமவனே."

"பசங்க யாரோ கேட்டாங்க அத்தை. மறந்து போட்டுட்டேன்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு எவ்வளவு வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"சரி, விடு. அம்மன்தானே, வாரவ வந்துட்டா. பாதியில வெட்டாம விட்டியே, அது உன் புண்ணியம். வெட்டியிருந்தா எனக்கு நாலு நாளைக்குத் தலை தூக்க முடியாது. இந்தக் காலத்துல எவனுக்குத் தெரியும் இதெல்லாம்?"

அவர் திட்டியிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். திட்டியிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

பதிவை அனுப்பினேன். சென்னைக் கம்பெனிக்குப் பிடித்துப்போனது. உருமி இடம் அசல் என்றார்கள். இணையத்திலும் ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து, கடையில் மத்தியானக் கூட்டம் குறைந்த நேரத்தில், அத்தை வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செல்போன் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

புதுப்பெண் மறுவீட்டுக்குப் பாளையங்கோட்டை போனவள் திரும்பவில்லை. அவர்கள் அனுப்பவில்லை. அன்றைக்கு அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ வேண்டாம்" என்று சொன்னதாகப் பெண்ணின் சித்தி சொல்கிறார். பக்கத்தில் நின்று காதால் கேட்டாராம். சாமியே வேண்டாம் என்ற வீட்டில் எங்கள் பிள்ளை எப்படி வாழும் என்று கேட்கிறார்களாம். நண்பன் இரண்டு முறை போய் வெறுங்கையோடு வந்திருக்கிறான்.

"ஆடும்போது சொன்னது ஆடுனவளுக்குத் தெரியாதுய்யா" என்றார் அத்தை. "நான் அப்படி நெனைக்கவே இல்ல. தங்கமான பிள்ளை அது. ஆனா அம்மன் நெனைச்சிருந்தா? நான் என்னன்னு சொல்ல? நீதான் எல்லாத்தையும் பெட்டியில பதிவியே. போட்டுக் காட்டு. என்ன சொன்னேன்னு நான் கேக்கணும்."

அதில் இருக்காது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் இருக்காது என்று கேட்டால் ஸ்லைடரைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அதனால் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். சத்தத்தை மிகவும் குறைத்து வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உருமி வந்ததும் தொடையில் வைத்திருந்த விரல்கள் அசைந்தன. இன்னொரு கையால் அந்த விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியே ஆறு நிமிடமும் நாற்பது நொடியும் கேட்டார். தன் குரலுக்காகக் காத்திருந்தார். அடுத்த பாட்டு வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இதுல யாருமே இல்லையே மருமவனே" என்றார். "அன்னைக்கு அவ்ளோ பேரு இருந்தாங்களே. எல்லாரும் எங்க போனாங்க?"

சவுண்ட் கார்டு பாட்டை மட்டும்தான் எடுக்கும் என்று ஏதோ முனகினேன். அவருக்கு நான் சொன்ன விவரம் தேவைப்படவில்லை. ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "அப்போ ஒண்ணு செய்யி. நீ என்கூட வந்து அவுககிட்டச் சொல்லு. அந்தச் சத்தத்துல எவ காதுலயும் எதுவும் விழுந்துருக்காதுன்னு சொல்லு. பாட்டுப் போட்டவன் சொன்னா நம்புவாவ" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். நண்பன் வரவில்லை, அவன் வந்தால் சண்டையாகிவிடும் என்று அத்தை தடுத்துவிட்டார். பஸ்ஸில் அவர் மடியில் ஒரு துணிப்பை, உள்ளே மருமகளுக்குப் பிடிக்கும் என்று உளுந்து அப்பளக் கட்டு. சேரன்மகாதேவி தாண்டும்வரை நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. கையடித்துக் கொடுத்தேன், மீறினேன், பதிவு நிற்கக் கூடாதென்று நிறுத்தாமல் விட்டேன், மைக்கை நானே அடைத்தேன். நாலே வாக்கியம். கடைசியில் அடி விழுந்தால் விழட்டும். இப்படி முடிவெடுத்ததும் மனசு லேசாகி, ஜன்னல் வழியே வயலை எல்லாம் வேடிக்கை பார்த்தேன். செய்யாத நல்ல காரியத்துக்கு முன்கூட்டியே நிம்மதி அடைகிற ஜாதி நான்.

பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அத்தை தரையில் உட்காரப் போனதைத் தடுத்து சோபாவில் உட்கார வைத்தார். சித்தியும் வந்து கதவருகே நின்றார். காப்பி வந்தது. நான் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். எத்தனை ஸ்பீக்கர், எங்கே வைத்திருந்தேன், ஆள் காதோடு காது வைத்துக் கத்தினாலும் கேட்காது என்பதை எல்லாம் சொன்னேன். அதெல்லாம் உண்மை. உண்மையைச் சொல்லும்போது குரல் எவ்வளவு நன்றாக வருகிறது!

"வாய்க்கிட்ட மைக்கைப் பிடிச்சாங்களே தம்பி. அதுலயுமா கேக்கல?" என்றார் அவர்.

உண்மையைச் சொல்ல முதல் வாசல் திறந்தது. நான் காப்பியைக் குடித்தேன். "மைக் அன்னைக்கு வேலை செய்யல சார். பழசு."

சித்தி, "எனக்குக் கேட்டுச்சு" என்றார். ஆனால் முன்பிருந்த உறுதி இல்லை. "அப்படித்தான் கேட்ட மாதிரி இருந்துச்சு."

அப்போது உள்ளறையிலிருந்து பெண் வந்தாள். அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது அவள் வந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது. "நான்தான் பக்கத்துல நின்னேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. என் கையப் பிடிச்சாங்க. கை நடுங்குச்சு. அவங்களுக்கு முடியலன்னு எனக்குப் பட்டுச்சு, அவ்ளோதான்" என்றாள். பிறகு அத்தையைப் பார்த்து, "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அத்தை சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

பெண்ணின் அப்பா மகளிடம், "கிளம்பும்மா" என்றார். மகள் பையை எடுத்து வைக்க உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல தம்பி. அவங்களுக்கு முடியலன்னு என் பொண்ணுக்கே தெரிஞ்சிருக்கு. அவங்க விழுற வரைக்கும் நீங்க ஏன் நிறுத்தல?"

ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பஸ்ஸில் எத்தனை முறை சொல்லிப் பார்த்த வாக்கியம். எதிரே அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"சாமி ஆடும்போது மேளத்தப் பாதியில வெட்டக் கூடாது சார். எங்க பக்கத்து முறை அது."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா சம்பந்தி? நான் சொல்லிக் குடுக்கல. இந்தப் பிள்ளைக்கு அதுவாத் தெரிஞ்சிருக்கு" என்றார். சோபாவிலிருந்து எட்டி, அன்று சோற்றோடு படியேறி வந்த அந்தக் கையால் என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவருக்கு எட்டும்படி நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.